என்னை ஒப்புக்குச் சப்பாணி ஆக்காதீங்கய்யா!

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மணி ஒன்றரை. எக்ஸ்காம் 2-ல ஒரு மிஷன். ஆறு பேரோட போன என் படையில மூணு பேர் காலி. மிச்சம் மூணுல ஒருத்தனுக்கு உடம்பெல்லாம் ரத்தம். எதிர்ல ஒரே ஒரு ஏலியன், அடுத்த முறை அவன் சுட்டா என் ஆளு செத்தான். என்கிட்ட ஒரே ஒரு குண்டு. திரையில 85%னு காட்டுது. கண்ணை மூடிக்கிட்டு மவுசை அமுக்குனேன். விழுந்தான்யா ஏலியன்! நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்த தங்கமணி எழுந்து வந்து, "நாப்பத்திரெண்டு வயசாச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. அதை எல்லாம் கண்டுக்குற நிலைமையில நான் இல்லை. வெற்றி வீரன்!

மறுநாள் காலையில காபியும் கையுமா அந்த விளையாட்டைப் பத்தித் துழாவிக்கிட்டிருந்தப்பதான் அந்த இடி விழுந்துச்சு. அந்த 85 இருக்கே, அது 85 இல்லையாம். நான் ஆடுற சாதாரண நிலையில, உள்ளுக்குள்ள அது கிட்டத்தட்ட 95-ஆம். ஆட்டத்தோட தலைமை வடிவமைப்பாளர் ஜேக் சாலமனே இதை வெளிப்படையா பேசியிருக்கார். அதோட விட்டாங்களா? ரெண்டு தடவை என் குறி தப்பினா அடுத்த குண்டுக்கு ரகசியமா ஏத்தி விடுறது, என் ஆளுங்க நிறைய பேர் செத்துட்டா மிச்சம் இருக்கறவனுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்தி விடுறது, ஏலியன் தொடர்ந்து அடிச்சுக்கிட்டே இருந்தா அவனுக்குக் குறியைக் குறைக்கறதுன்னு ஏகப்பட்ட தர்ம காரியம். மூணு பேர் செத்து நான் தவிச்சேன் பாருங்க, அந்தக் கடைசிக் குண்டை நானா சுட்டேன்? எவனோ பின்னாடி நின்னு என் கையைப் புடிச்சுச் சுட்டிருக்கான்.

இந்த எடத்துல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

திண்டுக்கல்ல அம்மாச்சி வீடு. கோடை லீவு. எனக்கு ஆறு வயசு. மாமா பசங்க, பெரியம்மா பசங்க எல்லாரும் பத்து, பன்னெண்டு வயசு. கண்ணாமூச்சி, ஓடிப்பிடிச்சு, எதுவா இருந்தாலும் நானும் வருவேன்னு அழுவேன். சேர்த்துக்குவாங்க. நான் ஓடுவேன், ஒளிவேன், ஒருத்தரும் என்னைப் பிடிக்க மாட்டாங்க. எனக்குப் பெருமை தாங்காது. 'நம்மள யாராலயும் பிடிக்க முடியலையே'ன்னு அம்மாச்சிகிட்ட போய்ச் சொல்வேன். ஒருநாள் தெருவுல இருந்து புதுசா ஒரு பையன் விளையாட வந்தான். என்னைத் தொட்டுட்டு "அவுட்"னு கத்தினான். அப்போ எங்க பெரிய மாமா பையன் சொன்னான், "அவனை விடுடா, அவன் ஒப்புக்குச் சப்பாணி."

அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் நான் அவுட் ஆனதுக்கு அழலை. அதுவரைக்கும் அவுட் ஆகாம இருந்ததுக்கு அழுதேன்.

முப்பத்தாறு வருஷம் கழிச்சு, காசு குடுத்து வாங்கின ஆட்டத்துல, அதே அழுகை. இந்த ஆறு மாசமா நான் ஆடின ஆட்டங்களைப் பத்தி என் மனசுல பட்டதை அப்படியே எழுதுறேன். கோபமாத்தான் எழுதுறேன். பொறுத்துக்குங்க.

முதல்ல நம்ம யோக்கியதையைச் சொல்லிடறேன். நான் ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. 2001-ல நெட் சென்டர்ல மணிக்கு இருபது ரூபா குடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடி, பரீட்சையில கோட்டை விட்ட ஜாதி. இப்போ பகல் பூரா ஆணி. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் கிடைக்கிற ரெண்டு மணி நேரம்தான் நமக்குச் சொந்தம். புது ஆட்டம் வந்தா மூணு நாலு வருஷம் காத்திருந்து, விலை குறைஞ்சப்புறம்தான் வாங்குவேன். அதனால இதுல வர்றதெல்லாம் உங்களுக்குப் பழசா இருக்கலாம். எனக்குப் புதுசு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வியூக ஆட்டங்கள்: எண்ணைப் போட்டு ஏமாத்தறது

இந்தப் பழக்கத்தை எக்ஸ்காம் கண்டுபிடிக்கலை. சிவிலைசேஷன் புகழ் சிட் மெய்யர் 2010-ல ஜிடிசி மாநாட்டுல ஒரு உரை நிகழ்த்தினார். ஆட்டக்காரங்க மனசு கணக்குக்குக் கட்டுப்படாதுங்கறதுதான் சாரம். மூணுக்கு ஒண்ணுன்னு பலம் காட்டினா, ஆட்டக்காரன் தான் ஜெயிச்சே தீரணும்னு நினைக்கறான். நாலுல ஒரு தடவை தோக்கணும்ங்கறது கணக்கு. ஆனா தோத்தா 'ஆட்டம் பிராடு'ன்னு கத்தறான். அதே ஆளு, ஒண்ணுக்கு மூணுன்னு பலம் குறைஞ்சு இருந்து ஜெயிச்சா மட்டும் ஒண்ணும் சொல்றதில்லை. தன் திறமைன்னு நினைச்சுக்கறான். அதனால உள்ளுக்குள்ள கணக்கை அவன் மனசுக்கு ஏத்த மாதிரி வளைச்சோம், முந்தின சண்டையில தோத்திருந்தா அதையும் கணக்குல எடுத்துக்கிட்டோம்னு மனுஷன் சிரிச்சுக்கிட்டே சொல்றார்.

ஜப்பான்ல இன்னும் நேர்த்தியா பண்ணாங்க. ஃபயர் எம்பளம் தொடர்ல 2002-ல வந்த 'பைண்டிங் பிளேட்' ஆட்டத்துல இருந்து ஒரு வித்தை. ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டுப் பார்க்கறதுக்குப் பதிலா, ரெண்டு எண்ணைக் குலுக்கி அதோட சராசரியை எடுக்கறாங்க. கேட்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. திரையில 90%னு இருந்தா நிஜத்துல 98%. 75%னு இருந்தா 87%க்கு மேல. கீழ்ப்பக்கம் போனா தலைகீழ். 25%னு காட்டறது நிஜத்துல 12, 13%தான். எதிரிங்களுக்கும் இதே விதிதானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா சாதாரணமா உசந்த எண் உங்க கையில, தாழ்ந்த எண் எதிரி கையில. ஆக, பாரபட்சம் யாருக்கு சாதகம்னு சொல்லணுமா?

'அட விடுப்பா, அஞ்சு பத்து சதவீதத்துல என்ன வந்துச்சு'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு. நிஜமான 85% குண்டை பத்து தடவை சுட்டா, பத்தும் படுறதுக்கான வாய்ப்பு 20%கூட இல்லை. அதாவது அஞ்சு சண்டையில நாலுல ஒரு குண்டாவது வீண் போகும். அப்போ புத்தியுள்ளவன் என்ன பண்ணுவான்? குறி தப்பினா என்ன செய்யறதுன்னு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வெச்சிருப்பான். ஒருத்தனைப் பின்னாடி நிறுத்துவான், ஒரு குண்டை மிச்சம் வைப்பான். அதுதானேய்யா வியூகம்! அதே 85-ஐ 95 ஆக்கிட்டா, பத்தும் படுற வாய்ப்பு கிட்டத்தட்ட 60%. இப்போ ஏற்பாடே வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு முன்னாடி ஓடலாம். பொய்யான எண் எனக்கு இனிக்கிற மாதிரி இருந்துட்டு, எந்த வித்தையைக் கத்துக்கத்தான் அந்த ஆட்டத்தை ஆடுறேனோ அதையே கத்துக்க விடாம பண்ணிடுது. உச்ச நிலையான 'லெஜண்ட்'ல இந்தக் கருணை எல்லாம் கிடையாது. விளைவு என்ன? கீழ் நிலைகள்ல நூறு மணி நேரம் ஆடி 'நான் கில்லாடி'ன்னு மேல போறவன் முதல் ராத்திரியே மண்ணைக் கவ்வுறான். அவன் கத்துக்கிட்டது அத்தனையும் கள்ளக் கணக்கு.

அடுத்து, அதே பொய்யோட மறுபக்கம். சிவிலைசேஷன் 6 (2016). 7 வந்தாச்சு (2025), நான் இன்னும் வாங்கலை, அதனால அதைப் பத்திப் பேச மாட்டேன். ஆறுல 'டெயிட்டி'ன்னு ஒரு நிலை, தெய்வ நிலை. கம்ப்யூட்டர் ராஜாக்கள் எல்லாம் பயங்கர புத்திசாலியா ஆயிடுவாங்கன்னு நினைச்சு உள்ள போனேன். புத்தி அதேதான். படையை ஒண்ணொண்ணா அனுப்பி என் வில்லாளிங்களுக்குத் தீனி போடுற அதே புத்தி. என்ன வித்தியாசம்னா, நான் ஒரே ஒரு குடியேறியோட ஆரம்பிக்கறேன், அவங்க மூணு குடியேறிகளோட ஆரம்பிக்கறாங்க. நான் முதல் ஊரைக் கட்டி முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கு மூணு ஊர். சண்டையில ஒவ்வொரு படைக்கும் 4 புள்ளி பலம் இனாம். உற்பத்திக்கு, தங்கத்துக்கு, அறிவியலுக்குத் தனித்தனி போனஸ். ஆட்டம் தொடங்கற மெனுவுல இது ஒண்ணும் இருக்காது. வெறும் பேர்தான்: ராஜா, சக்கரவர்த்தி, அமரர், தெய்வம். பேர் வெக்கிறதுல மட்டும் குறைச்சலே இல்லை. 'புத்தி அதேதான், பணம் மட்டும் கூட'ன்னு ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சு போச்சு?

முடியாதுன்னு சொல்லாதீங்க. முடியும்னு ஒருத்தன் காட்டிட்டான். அதுவும் யாரு? நம்ம ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2! 1999-ல வந்த மூல ஆட்டத்துல உச்ச நிலைக் கம்ப்யூட்டருக்கு ரகசியமா கூடுதல் சாப்பாடு, மரம் எல்லாம் கிடைக்கும். நெட் சென்டர்ல நாங்க அதைத் திட்டாத திட்டு இல்லை. 2019-ல டெஃபினிடிவ் எடிஷன் வந்தப்போ கம்ப்யூட்டரோட மூளையைப் புதுசா எழுதினாங்க. இப்போ 'எக்ஸ்ட்ரீம்' நிலையிலகூட இனாம் கிடையாது. எனக்கு என்ன கிடைக்குதோ அதுதான் அதுக்கும். அது என்னைத் துவைச்சு எடுக்குதுங்க. இருபது நிமிஷத்துல நைட் குதிரைப்படை வந்து நிக்குது. ஆனா தோத்தப்புறம் பதிவை ஓட்டிப் பார்த்தா, அது எத்தனை கிராமத்தானை எந்த நிமிஷத்துல உருவாக்கிச்சு, நான் எங்க கோட்டை விட்டேன்னு தெரியுது. நான் நாலாவது நிமிஷத்துல ஆட்டை மறந்துட்டு மரம் வெட்டிட்டிருந்தேன். தப்பு என்னோடது. அந்தத் தோல்வியை நான் சந்தோஷமா ஏத்துக்கறேன், ஏன்னா அது என் தோல்வி.

அதிரடி ஆட்டங்கள்: உயிரைக் காப்பாத்தற மாதிரி நடிக்கறது

சண்டை ஆட்டங்கள் யோக்கியமான்னு கேட்டா, அங்கயும் இதே கதைதான். 2017-ல ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர் ட்விட்டர்ல ஒரு கேள்வி கேட்டார்: ஆட்டக்காரருக்குத் தெரியாம நீங்க ஒளிச்சு வெச்ச தந்திரங்கள் என்னென்ன? வரிசையா வந்து ஒப்புதல் வாக்குமூலம் குடுத்தாங்க. அசாசின்ஸ் கிரீட்லயும் டூம்லயும் உயிர்க் கோட்டோட கடைசித் துளிக்கு மத்தத் துளிகளைவிட மதிப்பு அதிகம். ஏன்? 'மயிரிழையில தப்பிச்சேன்'னு நாம சிலிர்க்கணுமாம். பயோஷாக்ல எதிரி உங்களைப் பார்த்துச் சுடுற முதல் குண்டு வேணும்னே தப்பும். கியர்ஸ் ஆஃப் வார்ல புதுசா ஆன்லைன் ஆட வர்றவனுக்கு ரகசியமா கூடுதல் அடி பலம். இந்தக் கடைசியைக் கொஞ்சம் யோசிங்க. அது மனுஷனும் மனுஷனும் ஆடுற ஆட்டம். புதியவன் சந்தோஷப்படணும்னு, அவனுக்கு எதிர்ல நியாயமா ஆடிக்கிட்டிருந்த இன்னொருத்தனைக் கேக்காம சாகடிச்சிருக்காங்க.

ரெசிடென்ட் ஈவில் 4 (2005) நான் உயிரா நேசிக்கிற ஆட்டம். அதுகூட நாம அடிக்கடி செத்தா சத்தமில்லாம எதிரிகளைக் குறைச்சு, வேகத்தைத் தணிச்சு, ரொம்ப நல்லா ஆடினா ஏத்தி விடும். காலேஜ் படிக்கும்போது 'அந்த கிராமத்துச் சண்டையை எட்டாவது தடவையில முடிச்சேன்'னு நான் அளந்த கதையை எல்லாம் இப்போ திரும்ப வாங்கிக்க வேண்டியிருக்கு.

ஹெல்பிளேட் (2017) வேற ரகம். நீ அடிக்கடி செத்தா கையில இருக்கற கருமை தலைக்கு ஏறும், ஏறிட்டா உன் முன்னேற்றம் அத்தனையும் அழிஞ்சிடும்னு ஆரம்பத்துலயே மிரட்டுது. நடுங்கிக்கிட்டே ஆடினேன். கடைசியில பார்த்தா அப்படி எதுவும் அழியறதில்லைன்னு ஆடினவங்க சோதிச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. இதை மட்டும் நான் மன்னிச்சு விட்டுட்டேன். ஏன்னு யோசிச்சேன். சென்னுவாங்கற பொண்ணோட மனசு அவளுக்குச் சொல்ற பொய்கள்தான் அந்தக் கதையே. அந்தப் பொய்யை எனக்கும் சொன்னாங்க. அது கதையோட பொய். சினிமாவுல ஹீரோ மாடியில இருந்து குதிச்சா கீழ மெத்தை இருக்கும்னு தெரியும், அதுக்காக டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்க மாட்டேன். ஆனா கிரிக்கெட் மேட்ச்ல ஸ்கோர் போர்டு பொய் சொன்னா ஸ்டேடியத்தையே கொளுத்துவாங்களா மாட்டாங்களா? கதையில எவ்வளவு வேணா புளுகுங்க சாமிகளா. ஸ்கோர் போர்டுல புளுகாதீங்க. அம்புட்டுதான் என் வாதம்.

யோக்கியமா ஆடுற ஆட்டமும் இருக்கு

இன்டு த பிரீச் (2018). எட்டுக்கு எட்டு கட்டம், மூணு இயந்திரம், சதுரங்கப் பலகை மாதிரிதான். ஒவ்வொரு முறையும் எதிரி எங்க நிக்கிறான், யாரை அடிக்கப் போறான், எவ்வளவு அடி, எந்த வரிசையில, எல்லாமே நான் காயை நகர்த்தறதுக்கு முன்னாடியே திரையில இருக்கு. குறி தப்பற கதையே கிடையாது. அடிச்சா படும். ஒரே ஒரு தாயக்கட்டைதான் இருக்கு: கட்டடம் அடியைத் தாங்கிக்கறதுக்கு ஆரம்பத்துல 15% வாய்ப்பு. அதையும் ஒளிக்காம எழுதி வெச்சிருக்கான். ஒவ்வொரு சண்டையிலயும் ஒரு தடவை முறையைத் திரும்ப ஆடிக்கலாம்னு சலுகையும் உண்டு. அதுக்கும் பட்டன் வெச்சு, ஒரு தடவைதான்னு சொல்லியே தர்றான். இதுல தோத்தா பழி போட ஆளே கிடையாது. முதல் வாரம் எரிச்சலா வரும். ரெண்டாவது வாரம் கால் மணி நேரம் திரையை வெறிச்சுப் பார்த்துட்டு, ஒரு எதிரியை ஒரு கட்டம் தள்ளி, அவன் அடியை அவன் கூட்டாளி மேலயே விழ வைக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க... அதுக்கு 85% எல்லாம் ஈடாகாது.

அப்புறம் செகிரோ (2019). கெனிச்சிரோ அஷினான்னு ஒரு புண்ணியவான். பதினோரு ராத்திரி அவன்கிட்ட செத்தேன். நாப்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன். நாப்பது தடவை செத்தும் அந்தப் பாவி ஒரு வாள் வீச்சைக்கூட மெதுவாக்கலை. குத்த வந்தா முன்னாடி காலை வெச்சு மிதிக்கணும், கீழ வாங்கினா குதிக்கணும், மத்ததெல்லாம் வாளோட வாள் மோதுற அந்த நொடியில தடுக்கணும். முதல் நாள் என்ன விதியோ பதினோராவது நாளும் அதே விதி. மாறினது நான்தான். கடைசி ராத்திரி அவன் மின்னலை எடுத்துக்கிட்டு எகிறும்போது நானும் எகிறி, அந்த மின்னலை வாங்கி, தரையில கால் படுறதுக்குள்ள அவனுக்கே திருப்பிக் குடுத்தேன். கத்தலை. தங்கமணி எழுந்திருக்கலை. சும்மா இருட்டுல உக்காந்து என் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். இது என் கை பண்ணினதுன்னு எனக்குத் தெரியும். எக்ஸ்காம் குண்டுக்குக் கத்தினவன் இதுக்கு ஏன் கத்தலைன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

'அப்போ கஷ்டமா இருந்தாதான் ஆட்டமா?'

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். செகிரோ வந்த சமயத்துல 'சுலப நிலை வேணும், வேணாம்'னு உலகம் பூரா அடிச்சுக்கிட்டாங்க. வேணாம்னு கத்தின கோஷ்டியில நான் இல்லை. என் நண்பர் ஒருத்தருக்கு விபத்துக்கு அப்புறம் வலது கை விரல் ரெண்டு சரியா மடங்காது. அவர் கெனிச்சிரோவைத் தோற்கடிக்கணும்னா அந்த வேகத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தே ஆகணும். அவரை வெளிய நிறுத்திட்டு நான் உள்ள உக்காந்து பெருமை பேசறது அசிங்கம்.

என் சண்டை சுலபத்தோட இல்லை, ரகசியத்தோட. செலஸ்ட்ங்கற (2018) ஆட்டத்தைப் பாருங்க. மலை ஏறுற ஆட்டம், சாகடிச்சே கொல்லும். ஆனா 'உதவி நிலை'ன்னு ஒண்ணு மெனுவுலயே இருக்கு. வேகத்தைக் குறைச்சுக்கலாம், சாவே இல்லாம ஆக்கிக்கலாம். எது வேணும், எவ்வளவு வேணும்னு நீங்க தேர்ந்தெடுக்கலாம். ஒருத்தரும் கிண்டல் பண்றதில்லை. என் நண்பர் அதுல 80% வேகத்துல மலை உச்சிக்குப் போனார். அது அவர் ஏறின மலை. அவருக்குத் தெரியாம எவனோ வேகத்தைக் குறைச்சிருந்தா, அவரும் என்னை மாதிரி ஒப்புக்குச் சப்பாணிதான்.

இன்னொரு நியாயமான மடக்கும் இருக்கு. அதே செலஸ்ட்ல, பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காத்துல இருந்தாலும் ஒரு 0.1 நொடிக்குள்ள பட்டனை அமுக்கினா குதிக்க விடுவாங்க. இதுவும் ஒளிவு மறைவுதானேன்னு கேக்கலாம். இல்லைங்கறேன். கண்ணு பார்த்து, மூளை சொல்லி, விரல் அமுக்கறதுக்குள்ள ஒரு நேரம் ஓடுது. நான் விளிம்புல குதிக்கணும்னு சரியாத்தான் முடிவெடுத்தேன். விரல் கொஞ்சம் தாமதம். என் முடிவை நிறைவேத்தித் தர்றது உதவி. என் தப்பு முடிவைச் சரியான முடிவு மாதிரி காட்டறது பொய். அதோட, அந்த ஆட்டத்தை உருவாக்கினவங்களே இந்த மாதிரி சலுகைகளை எல்லாம் பட்டியல் போட்டு ஊரறியச் சொல்லிட்டாங்க. ஒளிக்க நினைக்கறவன் பட்டியல் போடமாட்டான்.

தப்பு யார் மேல?

மனசாட்சியோட பேசணும்னா, பாதி நம்ம மேல. சிட் மெய்யர் பொய் சொல்லலை. 85% தப்பினா கீபோர்டைக் குத்தறது நாமதான். 'பிராடு கேம்'னு ஒரு நட்சத்திரம் குடுக்கறது நாமதான். நான் யோக்கியன் இல்லை. எக்ஸ்காம்ல ஆளு செத்தா சேவ் பண்ணின எடத்துக்குத் திரும்பிப் போய் ஆடினவன்தான் நான். ஆனா அந்தத் திருட்டை நான் தெரிஞ்சே பண்ணினேன். நான் திருடினேன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம எனக்காகத் திருடிக் குடுக்கறது வேற.

'சந்தோஷமாத்தானே இருந்தே, தெரிஞ்சதுக்கு அப்புறம்தானே வலி? தெரியாமலே இருந்திருக்கலாமே'ன்னு என் ஆபீஸ் தோழர் ஒருத்தர் கேட்டார். இதுக்குப் பதில் சொல்லத்தான் பணம் எவ்வளவு நஷ்டமாச்சுங்கற கதைக்கு வர்றேன்.

மேப்பிள்ஸ்டோரின்னு தென் கொரியாவுல பிரபலமான ஆன்லைன் அதிரடி ஆட்டம். அதுல 'க்யூப்'னு ஒரு பொருள். காசு குடுத்து வாங்கி உங்க ஆயுதத்தோட குணங்களைத் திரும்பக் குலுக்கிப் போடலாம். நல்ல குணம் விழற வரைக்கும் ஜனங்க வாங்கித் தள்ளினாங்க. 2010-ல ஜனங்க அதிகம் விரும்பின குணங்கள் விழற வாய்ப்பைச் சத்தமில்லாம குறைச்சாங்க. 2011-ல இருந்து 2021 வரைக்கும், சில சேர்க்கைகள் விழற வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். விழவே விழாது. பத்து வருஷம்! விழாத ஒண்ணுக்காக ஜனங்க காசைக் கொட்டிக்கிட்டிருந்தாங்க. 2024 ஜனவரியில கொரியாவோட நியாய வர்த்தக ஆணையம், அதை நடத்தற நெக்ஸான் நிறுவனத்துக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டுச்சு. அதே வருஷம் மார்ச்ல வாய்ப்பு எண்களை வெளிப்படையா சொல்லியே ஆகணும்ங்கற சட்டமும் அங்க அமலுக்கு வந்துச்சு. சீனாவுல 2017-லயே இந்த விதி வந்தாச்சு.

98-ஐ 90னு காட்டினவனும் 0-ஐ மறைச்சவனும் ஒண்ணான்னு நீங்க கோபப்படலாம். ஒண்ணு இல்லை. முன்னவன் என்னைச் சந்தோஷப்படுத்த நினைச்சான், பின்னவன் என் பாக்கெட்டைப் பார்த்தான். ஆனா ரெண்டு பேரும் நிக்கிற தரை ஒண்ணு: 'திரையில இருக்கற எண் நிஜமா இருக்கணும்னு அவசியமில்லை, ஆட்டக்காரன் மனசு எப்படி இருக்கணும்ங்கறதுதான் முக்கியம்.' அந்தத் தரையை நாம கை தட்டி வரவேற்றோம், ஏன்னா முதல்ல அது நமக்குச் சாதகமா இருந்துச்சு. 2017-ல ஆக்டிவிஷனுக்கு ஒரு காப்புரிமை கிடைச்சுச்சு. ஆன்லைன்ல யாரோட யாரை மோத விட்டா ஆட்டக்காரன் கடையில ஆயுதம் வாங்குவான்னு பார்த்து ஜோடி சேர்க்கற முறை. எந்த ஆட்டத்துலயும் பயன்படுத்தலைன்னு நிறுவனம் சொல்லிச்சு. சரி. ஆனா அந்த யோசனை எவனோ ஒருத்தனுக்கு ஆபீஸ்ல உக்காந்து தோணியிருக்கு, அது பேப்பர்ல ஏறியிருக்கு.

என் வீட்டுலயும் நடந்துச்சு. என் பையனுக்கு ஒம்போது வயசு. பேர் சொல்ல வேண்டாம், ஒரு மொபைல் ஆட்டம். முதல் ரெண்டு வாரம் எல்லா மேட்சும் ஜெயிச்சான். 'அப்பா, நான் செம பிளேயர்ப்பா'ன்னு குதிச்சான். மூணாவது வாரம் தோக்க ஆரம்பிச்சான். நாலாவது வாரம் என் போன்ல இருந்து 4,300 ரூபா போயிருந்துச்சு. திட்டினேன். அவன் அழுதுகிட்டே சொன்னான், "நான் முன்னாடி எல்லாம் ஜெயிச்சேன்ப்பா, அந்தப் பெட்டியை வாங்கினா திரும்ப ஜெயிச்சுடுவேன்." அவன் முதல் ரெண்டு வாரம் ஆடினது பொம்மை எதிரிகளோட. அவனுக்கு அது தெரியாது. எவனும் சொல்லலை.

அந்த ஞாயித்துக்கிழமை அவனைச் சமாதானப்படுத்த கேரம் போர்டை எடுத்தேன். எப்பவும் பண்ற மாதிரி கடைசியில ரெட் போட்டுட்டு, ஃபாலோ காயை வேணும்னே ஓரமா விட்டேன். அவன் ஸ்ட்ரைக்கரைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்தான்.

"ஏப்பா, நீ வேணும்னே விட்டியா?"

பொய் சொல்ல வாய் வரலை. ஆமான்னேன்.

"எப்பவுமா?"

ஆமா.

அவன் அழலை. காயை எல்லாம் நடுவுல திரும்ப அடுக்கினான். "இப்ப ஒழுங்கா ஆடு"ன்னான். ஒழுங்கா ஆடினேன். 29-க்கு 4-ல தோத்தான். இன்னொண்ணுன்னான். அதுலயும் தோத்தான். மூணாவதுல பத்துப் புள்ளி எடுத்தான், அதுக்கு அவன் போட்ட ஆட்டம் இருக்கே, ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் கத்தினதெல்லாம் ஒண்ணுமே இல்லை. ஆபீஸ் தோழருக்கு என் பதில் இதுதான்.

ஆட்டம் செய்யறவங்களுக்கு நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. எண்ணைக் காட்டினா நிஜ எண்ணைக் காட்டுங்க. உதவி பண்ணுங்க, ஆனா 'உதவி பண்ணவா'ன்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. கம்ப்யூட்டருக்கு இனாம் குடுத்தா அதை மெனுவுல எழுதுங்க. இந்த மூணும் பண்ணிட்டு என்னை எத்தனை தடவை வேணா சாகடிங்க, சந்தோஷமா சாகறேன்.

எக்ஸ்காமை நேத்து லெஜண்ட் நிலையில மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். முதல் மிஷன்லயே நாலு பேரும் காலி.

பி.கு: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "4,300 ரூபாயைத் திரும்பக் கேட்டு எழுதினீங்களே, என்னாச்சு?"ன்னு கேட்டாங்க. பரிசீலனையில இருக்காம். எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு அவங்க சொல்லலை.